பிரசவம் வரை பொறுத்திருக்க வேண்டாம்

கர்ப்பகால மனச்சோர்வு பற்றிக் கடலூரிலிருந்து ஒரு சகோதரி எழுதிய நீண்ட கடிதத்துக்கு ஒரு மருத்துவராக நான் எழுதும் பதில் இது. அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தை முதலில் தருகிறேன்.

அவருக்கு வயது 28, தலைப்பிரசவம். கடிதம் எழுதிய அன்று 33 வாரம் முடிந்திருக்கிறது. பிரசவம் பார்க்கவிருக்கும் புதுச்சேரி மருத்துவமனையில் டிசம்பர் முதல் வாரத்தில் தேதி குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். பள்ளி ஆசிரியரான அவர் இப்போது விடுப்பில் இருக்கிறார். கணவர் புதுச்சேரியில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். வீட்டில் மாமனாரும் மாமியாரும் உடன் இருக்கிறார்கள். அவருடைய அம்மா இரண்டு ஆண்டுகளுக்கு முன் காலமாகிவிட்டார். அப்பாவும் அண்ணன் குடும்பமும் பண்ருட்டியில் இருக்கிறார்கள். வளைகாப்பு அன்று அம்மாவை நினைத்து அவர் அழுதபோது, பிள்ளைத்தாய்ச்சி அழுதால் குழந்தைக்கு ஆகாது என்று பெரியவர்கள் கண்டித்திருக்கிறார்கள். அம்மா இல்லாத வீட்டுக்குப் பிரசவத்துக்கு எதற்குப் போக வேண்டும் என்று மாமியார் கேட்டிருக்கிறார்.

இரண்டு மாதங்களாகவே விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, பிறகு தூக்கமில்லை. சாப்பாடு இறங்கவில்லை. ஸ்கேனில் குழந்தையைக் காட்டியபோது தனக்கு ஒன்றுமே தோன்றவில்லை என்றும், குழந்தை தன் கைதவறி விழுவதுபோல் ஒரு காட்சி திடீர் திடீரென்று கண்முன் வந்து உடல் நடுங்குகிறது என்றும் எழுதியிருக்கிறார். காலையில் கண் விழிக்காமலே போய்விட்டால் நன்றாக இருக்கும் என்று சில இரவுகளில் தோன்றுகிறதாம். திருமணத்துக்கு முன்பே மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்று, செர்ட்ராலின் 50 மில்லிகிராம் மாத்திரையால் நன்றாகத் தேறியவர் அவர். திருமணத்துக்குப் பிறகும் கணவருக்குத் தெரியாமல் அதைத் தொடர்ந்தவர், கர்ப்பம் என்று தெரிந்த வாரமே, கருவுக்கு ஆகாது என்று பயந்து, யாரிடமும் கேட்காமல் நிறுத்திவிட்டார். அண்மையில் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய அல்பிரசோலம் தூக்க மாத்திரையை மூன்று நான்கு இரவுகள் போட்டுக்கொண்டிருக்கிறார். கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், தன் சித்திக்குப் பிரசவமான ஒரு வாரத்தில் “காத்து கருப்பு” பிடித்துவிட்டதாகக் கோவிலில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள் என்று ஒரே வரியில் சொல்லியிருக்கிறார்.

அவர் கேட்டிருப்பவை நான்கு: நிறைமாதம் நெருங்கும் இந்த நேரத்தில் மாத்திரையை மறுபடி தொடங்கலாமா? பிரசவம் ஆனதும் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்களே, அதற்காக 37 வாரத்திலேயே சிசேரியன் செய்துகொள்ளலாமா? மருத்துவரிடம் சொன்னால் மனநோயாளி என்று எழுதி, குழந்தையைத் தன்னிடமிருந்து பிரித்துவிடுவார்களா? கணவரிடம் சொல்லத்தான் வேண்டுமா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு இடங்கள், நீங்கள் கேட்ட நான்கு கேள்விகளைவிடவும் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. கண் விழிக்காமலே போய்விட்டால் நன்றாக இருக்கும் என்ற வரி ஒன்று. உங்கள் சித்தியைப் பற்றிப் போகிற போக்கில் எழுதிய வரி மற்றொன்று. அவற்றை முன்வைத்தே என் பதிலைத் தொடங்குகிறேன்.

தனக்கு எதுவும் செய்துகொள்ள மாட்டேன் என்று அடுத்த வரியிலேயே எழுதியிருக்கிறீர்கள். அதை நான் நம்புகிறேன். ஆனாலும் இத்தகைய எண்ணம் மனச்சோர்வு நோயின் ஓர் அறிகுறி என்பதையும், அது ஒரே நிலையில் நிற்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது என்பதையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். அந்த எண்ணம் முன்னைவிட அடிக்கடி வந்தாலோ, எப்படி, எப்போது என்று மனம் யோசிக்கத் தொடங்கினாலோ, நான் இல்லாவிட்டால் மற்றவர்களுக்கு நல்லது என்று தோன்றினாலோ, அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திராமல் அன்றே ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு யாரையாவது துணைக்கு அழைத்துக்கொண்டு சென்றுவிடுங்கள். விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துத் தனியாக உட்கார்ந்திருக்கும்போது 14416 என்ற எண்ணை அழையுங்கள். மத்திய அரசு 2022 அக்டோபர் மாதம் தொடங்கிய டெலி மனஸ் என்னும் மனநல உதவி எண் அது. கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். வீட்டில் மிச்சமிருக்கும் பழைய மாத்திரைகளையும் அல்பிரசோலத்தையும் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது எடுத்துக்கொண்டு போய் அவரிடமே காட்டி ஒப்படைத்துவிடுங்கள்.

நீங்கள் விவரித்திருக்கும் அதிகாலை விழிப்பு, பசியின்மை, எதிலும் ஒட்டாத மனம், சாவைப் பற்றிய எண்ணம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது, முன்பு தேறிய மனச்சோர்வு திரும்பியிருக்கிறது என்றே கருதுகிறேன். நேரில் பரிசோதிக்கும் மருத்துவரே இதை உறுதி செய்ய வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி வளரும் நாடுகளில் 100 கர்ப்பிணிகளில் ஏறத்தாழ 16 பேருக்கு ஏதேனும் ஒரு மனநலப் பிரச்சினை, பெரும்பாலும் மனச்சோர்வு, இருக்கிறது. நீங்கள் செக்கப்புக்குப் போய் வரிசையில் உட்கார்ந்திருக்கும் நாளில், அதே வரிசையில் இன்னும் சிலர் இதே பாரத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ரத்த அழுத்தமும் எடையும் பார்க்கும் இடத்தில் தூக்கத்தையும் மனத்தையும் பற்றி யாரும் கேட்காததால், அவர்களும் உங்களைப் போலவே ஒன்றும் சொல்லாமல் வீடு திரும்புகிறார்கள்.

“குழந்தை முகத்தைப் பார்த்தால் சரியாகிவிடும்”

நம் ஊரில் எல்லோரும் அன்போடு சொல்லும் ஆறுதல் இது. மனச்சோர்வைப் பொறுத்தவரை, உங்கள் கடிதத்தில் இருக்கும் நம்பிக்கைகளிலேயே அதிகத் தீங்கு செய்யக்கூடியதும் இதுதான். பிரசவத்துக்குப் பிறகு மனச்சோர்வுக்கு ஆளாகும் பெண்களில் கணிசமானவர்களுக்கு அது கர்ப்பகாலத்திலேயே தொடங்கியிருக்கிறது. கர்ப்பத்தில் மனச்சோர்வு இருந்தது என்பதே பிற்காலத்து மனச்சோர்வுக்கான வலுவான முன்னறிகுறிகளில் ஒன்று. பிரசவமான சில நாள்களுக்குள் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்களின் அளவு சரேலென்று இறங்குகிறது. இரவில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை பால் கொடுக்க எழுந்திருக்க வேண்டும். தையல் வலி, பால் கட்டுதல், பார்க்க வருகிற உறவினர் கூட்டம் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து சேரும். இப்போதே தூக்கத்தை இழந்து நிற்கும் ஒருவர் அந்த நாள்களுக்குள் சிகிச்சையின்றி நுழைவதை நான் விரும்பவில்லை.

இதில் ஒரு காலக் கணக்கும் இருக்கிறது. மனச்சோர்வுக்கான மாத்திரைகள் வேலை செய்யத் தொடங்கவே 2 முதல் 4 வாரம் ஆகும். முழுப் பலன் தெரிய 6 வாரம்வரைகூட ஆகலாம். உங்கள் பிரசவத்துக்கு இருப்பதோ ஏறத்தாழ 7 வாரம். இந்த வாரமே மருத்துவரைப் பார்த்தீர்களானால், குழந்தை பிறக்கும்போது ஓரளவாவது தேறிய மனத்தோடு அதை வாங்கிக்கொள்ள வாய்ப்பிருக்கிறது. பிரசவம் ஆகட்டும் பார்க்கலாம் என்று தள்ளிவைத்தால், சிகிச்சையின் முழுப் பலன் தெரிவதற்குள் குழந்தைக்கு இரண்டு மாதம்கூட ஆகிவிடலாம்.

அதே காரணத்தால்தான் 37 வாரத்தில் சிசேரியன் என்ற யோசனையையும் நான் ஏற்கவில்லை. மருத்துவக் காரணம் ஏதுமின்றி 39 வாரத்துக்கு முன்பே அறுவை செய்து எடுக்கும் குழந்தைகளுக்கு மூச்சுத் திணறல் ஏற்படும் வாய்ப்பு கூடுகிறது. உங்களுக்கோ மனநோயோடு அறுவையின் வலியும் சேரும். ஆனால் இந்தக் கேள்விக்குப் பின்னால் பிரசவ வலியைப் பற்றிய பயம் இருக்குமானால், அதை ஒளிக்காமல் மகப்பேறு மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்தப் பயத்துக்கும் பதில் உண்டு. பிரசவ அறையில் நம்பிக்கையான ஒரு பெண் உடனிருப்பது வலியைத் தாங்கவும் பயத்தைத் தணிக்கவும் பெரிதும் உதவுகிறது. பிரசவ அறைகளின் தரத்தை உயர்த்த மத்திய அரசு 2017இல் தொடங்கிய லக்ஷ்யா திட்டமும் உடனிருக்கும் துணையை வலியுறுத்துகிறது. அம்மா நின்றிருக்க வேண்டிய அந்த இடத்தில் யார் நின்றால் உங்களுக்குத் தைரியமாக இருக்கும் என்று இப்போதே யோசித்து வைத்து, அதற்கு அனுமதி உண்டா என்று மருத்துவமனையிலும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். உங்கள் அண்ணியைப் பற்றிக் கடிதத்தில் இரண்டு இடங்களில் பிரியமாக எழுதியிருக்கிறீர்கள்.

மாத்திரையை மறுபடி தொடங்கலாமா?

பெரும்பாலும் தொடங்கலாம், ஆனால் மருத்துவரைப் பார்த்த பிறகு, அவர் சொல்லும் அளவில். கர்ப்பம் என்று தெரிந்ததும் நீங்கள் மாத்திரையை நிறுத்தியது குழந்தையின் மேல் கொண்ட அக்கறையால் என்பதில் ஐயமில்லை. மனநல மருந்துகள் எல்லாமே கருவைக் கெடுக்கும் என்ற எண்ணம்தான் தவறானது. வலிப்புக்கும் சில மனநோய்களுக்கும் தரப்படும் சோடியம் வால்புரோயேட் போன்ற மருந்துகள் உண்மையிலேயே கருவைப் பாதிக்கக்கூடியவை. செர்ட்ராலின் அந்த வகையைச் சேர்ந்ததல்ல. கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் மிக அதிகமாகப் பயன்படுத்தப்பட்டு, அதனால் அதிகமாக ஆராயப்பட்டும் இருக்கிற மனச்சோர்வு மருந்துகளில் அது ஒன்று. ஏற்கெனவே ஒருவருக்குப் பலனளித்த மருந்தையே கர்ப்பத்தில் முதலில் கருதுவது எங்கள் வழக்கம்.

ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் இம்மருந்துகளை எடுத்துக்கொண்ட தாய்மார்களின் குழந்தைகளில் சிலருக்குப் பிறந்த முதல் சில நாள்களில் நடுக்கம், சிணுங்கல், பால் குடிப்பதில் சிரமம் போன்றவை வரலாம். பெரும்பாலும் இவை லேசானவை, தாமாகவே சரியாகிவிடும். அதனால்தான் குழந்தையை முதல் இரண்டு நாள்களாவது மருத்துவமனையில் வைத்துக் கவனிக்கச் சொல்கிறோம். நுரையீரல் ரத்த அழுத்தம் தொடர்பான ஓர் அரிய சிக்கல் 1000 குழந்தைகளில் 2 பேருக்கு வருவது, ஏறத்தாழ 3 பேராகக் கூடலாம். பிரசவத்தின்போது ரத்தப்போக்கும் சற்று கூடக்கூடும் என்பதால், பிரசவம் பார்க்கும் மருத்துவருக்கு நீங்கள் இந்த மருந்தில் இருப்பது தெரிந்திருக்க வேண்டும். மறுபக்கத்தில், சிகிச்சையில்லாத கடும் மனச்சோர்வும் குறைமாதப் பிரசவத்தோடும் எடை குறைந்த குழந்தையோடும் தொடர்புடையதாக இருக்கிறது. இரண்டையும் எடைபோட்டால், முன்பு நோய் வந்து தேறியவராகவும், இப்போது சாவைப் பற்றிய எண்ணம் வரை வந்துவிட்டவராகவும் இருக்கிற உங்களுக்கு, பேச்சுவழிச் சிகிச்சை மட்டும் போதும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இன்னும் லேசான நிலையில் இருப்பவருக்கு என் பதில் வேறாக இருந்திருக்கும்.

அல்பிரசோலத்தைத் தொடராதீர்கள். மூன்று நான்கு இரவுகள் எடுத்ததால் குழந்தைக்குக் கேடு நேர்ந்திருக்கும் என்று கலங்க வேண்டியதில்லை. ஆனால் பிரசவத்தை ஒட்டி இம்மருந்தைத் தொடர்ந்து எடுத்துவந்தால் குழந்தை சோர்ந்தும் துவண்டும் பிறக்கலாம், மூச்சு மந்தமாகலாம். தாய்க்கும் அது பழக்கமாகிவிடும். நிறைமாதம் நெருங்கும் ஒரு பெண்ணுக்கு மருத்துவரின் சீட்டு இல்லாமல் இந்த மாத்திரையை எடுத்துக் கொடுத்த கடைக்காரரின் செயலைப் படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. உறவினர் ஒருவர் சொன்ன அமுக்கராச் சூரணமும் வேண்டாம். கர்ப்பத்தில் அது பாதுகாப்பானது என்று நிறுவப்படவில்லை.

மருந்தைப் பற்றி முடிவு செய்யும் முன் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள். கர்ப்பத்தில் ஹீமோகுளோபின் 11க்குக் கீழ் இருந்தால் ரத்தசோகை என்று கொள்கிறோம். அதன் அசதியும் தைராய்டு குறைவின் மந்தமும் மனச்சோர்வைப் போலவே தோன்றலாம், இருக்கும் மனச்சோர்வைக் கூட்டவும் செய்யலாம். படுத்ததும் கால்கள் குறுகுறுத்து, அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும்போல் இருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அது இரும்புச்சத்துக் குறைவால் வருவதாக இருக்கலாம். அதைச் சரிசெய்தாலே தூக்கம் கொஞ்சம் கூடும்.

உங்கள் சித்தியைப் பற்றிய அந்த ஒரு வரி

பிரசவமான ஒரு வாரத்துக்குள் திடீரென்று ஒரு பெண் ஆளே மாறிப்போவதை நம் கிராமங்களில் காத்து கருப்பு என்றும் சாமி குற்றம் என்றும் சொல்லிவந்திருக்கிறார்கள். உங்கள் சித்திக்கு நேர்ந்ததை இவ்வளவு தூரத்திலிருந்து நான் நிர்ணயிக்க முடியாது. ஆனால் பிரசவத்துக்குப் பிந்தைய மனப்பிறழ்வு என்று மருத்துவம் அறிந்திருக்கிற ஒரு நோய் அதே காலத்தில், அதே வேகத்தில்தான் வருகிறது. 1000 பிரசவங்களில் ஒன்று அல்லது இரண்டில் வரும் அரிய நோய் அது. பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள் தொடங்கும். தூங்காமலே சுறுசுறுப்பாக இருப்பது, ஓயாத பேச்சு, சம்பந்தமில்லாத சந்தேகம், இல்லாத குரல் கேட்பது, குழப்பம், குழந்தையைப் பற்றி விபரீதமான நம்பிக்கைகள் ஆகியவை அதன் அறிகுறிகள். அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டிய அவசரநிலை அது. தக்க சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலானோர் முழுமையாகத் தேறிவிடுகிறார்கள். உங்கள் சித்திக்கு அன்று அந்தச் சிகிச்சை கிடைக்கவில்லையே என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சித்திக்கு வந்ததால் உங்களுக்கும் வரும் என்று பொருளல்ல, பெரும்பாலும் வராது. ஆனால் மனச்சோர்வும் அளவுமீறிய கிளர்ச்சியும் மாறி மாறி வரும் இருமுனை மனநிலைக் கோளாறு உள்ள குடும்பங்களில் இந்நோய் அதிகம் காணப்படுகிறது. அந்தக் கோளாறு உள்ளே இருக்கும் ஒருவருக்கு, அதைக் கவனிக்காமல் மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால், மனம் எதிர்த்திசையில் அளவுமீறிக் கிளர்ந்துவிடலாம். பழைய அட்டையில் மிச்சமிருக்கும் மாத்திரையை நீங்களே எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவே முதன்மையான காரணம். சித்தியைப் பற்றிய செய்தியை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். எப்போதாவது சில நாள்கள் மிகக் குறைவாகத் தூங்கியும் களைப்பே தெரியாமல், வழக்கத்துக்கு மாறான உற்சாகத்தோடும் வேகத்தோடும் இருந்ததுண்டா என்றும் நினைவுபடுத்திப் பார்த்துச் சொல்லுங்கள்.

குழந்தை கைதவறி விழுவதுபோல் வரும் காட்சியை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்தக் காட்சி வரும்போது நீங்கள் நடுங்குகிறீர்கள், அது வேண்டாம் என்று விலக்குகிறீர்கள். மனப்பதற்றம் மிகுந்த காலத்தில் கர்ப்பிணிகளுக்கும் இளந்தாய்மார்களுக்கும் இத்தகைய வேண்டாத எண்ணங்கள் வருவது மிகச் சாதாரணம். அதைக் கண்டு பயப்படுகிறவர் அதைச் செய்துவிடுவார் என்று கொள்ள வேண்டியதில்லை. அந்தக் காட்சி சரியென்று தோன்றத் தொடங்கினாலோ, அப்படிச் செய் என்று குரல் கேட்டாலோதான் அது வேறு. அப்போது ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

சொன்னால் குழந்தையைப் பிரித்துவிடுவார்களா?

மாட்டார்கள். மனச்சோர்வு இருக்கிறது என்று ஒரு தாய் மருத்துவரிடம் சொன்னதற்காகக் குழந்தையை எடுத்துக்கொள்ள மருத்துவமனைக்கு எந்த அதிகாரமும் இல்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது: மனநல மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர நேர்ந்தாலும்கூட, மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பொதுவாகத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது என்பது அதன் 21ஆம் பிரிவு. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் தாயையும் சேயையும் ஒன்றாக வைத்தே சிகிச்சை தரும் தனிப் பிரிவு 2009 முதல் இயங்கிவருகிறது. உங்கள் நிலைக்கு உள்நோயாளியாகச் சேரும் தேவையே வராது என்று நம்புகிறேன்.

நீங்கள் சொல்வதை ரகசியமாக வைத்திருக்க மருத்துவர் அதே சட்டத்தின் 23ஆம் பிரிவால் கட்டுப்பட்டவர். உங்கள் அனுமதியின்றி அவர் கணவரிடமோ மாமியாரிடமோ சொல்ல முடியாது. உங்கள் உயிருக்கோ மற்றவர் உயிருக்கோ ஆபத்து என்ற நிலை போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. சிகிச்சை தொடர்பான முடிவுகளில் உங்களுக்குத் துணைநிற்க ஒருவரை நீங்களே எழுத்துமூலம் நியமித்துக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. அவர் கணவராகவும் இருக்கலாம், அப்பாவாகவும் இருக்கலாம்.

முன்பு சிகிச்சை எடுத்ததை மறைத்துத் திருமணம் செய்ததால் அதுவே விவாகரத்துக்குக் காரணமாகுமோ என்று நீங்கள் பயப்படுவது கடிதம் முழுவதும் தெரிகிறது. சட்டத்தின் நுட்பங்களை வழக்கறிஞரே சொல்ல வேண்டும். ஒரு மருத்துவராக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். இந்து திருமணச் சட்டம் மனநோயைக் காரணமாகக் கொள்வது, சேர்ந்து வாழ்வது நியாயமாக எதிர்பார்க்க முடியாத அளவுக்கு நோய் கடுமையாக இருக்கும்போதுதான். ஒரு நோயின் பெயரைச் சொல்லிவிட்டால் போதாது, அதன் அளவையே பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1988இலேயே ஒரு தீர்ப்பில் விளக்கியிருக்கிறது. மாத்திரையால் தேறி, வகுப்பெடுத்து, குடும்பம் நடத்திவரும் உங்களுக்கு அந்த வரையறை பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை. ஐந்து வயது நிறையாத குழந்தையைப் பொதுவாகத் தாயின் பொறுப்பில்தான் விட வேண்டும் என்பது 1956ஆம் ஆண்டின் சட்டம். பயம் நீங்காவிட்டால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு அங்கே இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

கணவரிடம் சொல்வது

சட்டப்படி சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனாலும் சொல்லிவிடுங்கள் என்பதே என் ஆலோசனை. அதற்கு நான் தரும் காரணம் முழுக்க மருத்துவம் சார்ந்தது. பிரசவத்துக்குப் பின் ஏதேனும் மோசமானால், அதை நோயுற்றவரால் பெரும்பாலும் உணர முடியாது. உடன் இருப்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். எதைக் கவனிக்க வேண்டும், எங்கே அழைத்துப்போக வேண்டும் என்று தெரிந்த ஒருவராவது அந்த வீட்டில் இருந்தாக வேண்டும். இரவு ஷிப்டிலிருந்து வந்ததும் தூங்கப்போகும் மனிதரிடம் இதைத் தொடங்காதீர்கள். அவருடைய விடுமுறை நாளில், மாமனார் மாமியார் காதுக்கெட்டாத இடத்தில் பேசுங்கள். பழைய கதையிலிருந்து தொடங்க வேண்டாம். இரண்டு மாதமாகத் தூக்கமில்லை, மனசு சரியில்லை, மருத்துவரைப் பார்க்க வேண்டும், நீங்கள் கூட வாருங்கள் என்று இன்றைய நிலையிலிருந்து தொடங்குங்கள். திருமணத்துக்கு முன் எடுத்த சிகிச்சையை மருத்துவரின் அறையில், கணவர் உடன் இருக்கும்போது சொல்வது பல பெண்களுக்கு எளிதாக இருந்திருக்கிறது. அவருக்கு எழும் கேள்விகளுக்கு அங்கேயே பதில் கிடைக்கும். ஒருவேளை கணவர் கோபப்படுவார், கை ஓங்குவார் என்ற அச்சம் உங்களுக்கு இருந்தால், என் ஆலோசனை மாறுகிறது. அப்போது முதலில் அப்பாவிடமோ அண்ணியிடமோ சொல்லுங்கள், பெண்கள் உதவி எண் 181ஐ மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி ஏதும் இல்லை.

மாமியாரிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை. தூக்கம் கெட்டிருக்கிறது, மருத்துவர் மாத்திரை கொடுத்திருக்கிறார் என்பது போதும். அழுவதைப் பற்றி மட்டும் ஒன்று: அம்மாவை நினைத்து அழுவதால் குழந்தைக்கு ஒரு தீங்கும் வராது. தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போவது வழக்கமாக இருக்கும் ஊரில், அந்த அம்மா இல்லாமல் வளையல் அடுக்கிக்கொண்ட ஒரு பெண் அழாமல் இருந்திருந்தால்தான் நான் யோசித்திருப்பேன். ஸ்கேனில் குழந்தையைப் பார்த்து ஒன்றும் தோன்றாததும் உங்கள் பாசத்தின் அளவைக் காட்டுவதல்ல. மனச்சோர்வு எல்லா உணர்ச்சியையும் மரத்துப்போகச் செய்கிறது. அது தேறும்போது இதுவும் மாறும். சிலருக்குப் பிறந்த சில வாரங்கள் கழித்துத்தான் அந்த ஒட்டுதல் வருகிறது, அதுவும் இயல்பே.

புயல் பற்றிய பயம்

2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்ததையும், அடுத்த நாள்களில் தென்பெண்ணை பெருகிக் கடலூர்ப் பக்கத்தில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததையும் கண்ணால் பார்த்தவர் நீங்கள். உங்கள் பிரசவ தேதியும் அதே வாரத்தில் வருகிறது. இரவெல்லாம் வழி அடைபடுமோ என்று நினைப்பதை நோய் என்று நான் ஒதுக்கமாட்டேன். இது நியாயமான கவலை, இதற்குத் திட்டம்தான் மருந்து. நவம்பர் கடைசியில் எச்சரிக்கை வந்தால் மழை வலுக்கும்வரை காத்திராமல் முன்கூட்டியே மருத்துவமனையில் சேர்ந்துவிடுவது, அல்லது அதன் அருகே இருக்கும் உறவினர் வீட்டுக்குப் போய்விடுவது என்று இப்போதே முடிவு செய்து, கிராம சுகாதார செவிலியரிடமும் சொல்லி வையுங்கள். பிரசவ தேதி நெருங்கியவர்களைப் புயலுக்கு முன்பே மருத்துவமனைகளில் சேர்ப்பது தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. திட்டம் போட்ட பிறகும் அதே நினைப்பு விடாமல் சுற்றினால், அந்த மிச்சத்தை மனநல மருத்துவரிடம் கொண்டுவாருங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

கடலூரில் மஞ்சக்குப்பம் அரசு தலைமை மருத்துவமனையிலும், சிதம்பரம் அண்ணாமலைநகரில் உள்ள அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மரிலும் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. பிரசவம் புதுச்சேரியில் என்பதால், இரு மருத்துவர்களும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள வசதியாக அங்கேயே பார்ப்பது நல்லது. ஆனால் 25 கிலோமீட்டர் பயணம் கடினமென்றால் அதற்காகத் தள்ளிப்போடாமல் கடலூரிலேயே பாருங்கள். எடின்பரோ அளவுகோல் என்று 10 கேள்விகள் கொண்ட ஒரு தாள் தமிழில் உண்டு; அதை வைத்து உங்கள் நிலையை அளவிடுவார்கள். கடைசிக் கேள்வி தனக்குத்தானே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு உண்மையான பதிலைக் குறியுங்கள்.

நேரில் பேச நா எழாது என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் எனக்கு எழுதிய இந்தக் கடிதத்தையே ஒரு நகல் எடுத்துக்கொண்டு போய், மருத்துவர் கையில் கொடுத்துவிடுங்கள். குழந்தையின் அசைவு குறைந்தாலோ, கடும் தலைவலியோடு பார்வை மங்கினாலோ, ரத்தமோ நீரோ போனாலோ அதைப் பதற்றம் என்று நீங்களே முடிவுகட்டாமல் உடனே மகப்பேறு மருத்துவமனைக்குப் போங்கள்.

பிரசவத்துக்குப் பிறகு எங்கே இருப்பது என்பதையும் இப்போதே பேசி முடியுங்கள். அதற்கு நான் வைக்கும் அளவுகோல் ஒன்றுதான்: இரவில் உங்களுக்குத் தொடர்ந்து நான்கைந்து மணி நேரத் தூக்கம் கிடைக்கும்படி குழந்தையைப் பார்த்துக்கொள்ள எந்த வீட்டில் ஆள் இருக்கிறார்களோ, அந்த வீடு. பண்ருட்டியில் அண்ணி அதற்குத் தயாராக இருந்தால், அம்மா இல்லாத வீடு என்பது ஒரு தடையல்ல. அண்ணியிடம் நீங்களே நேராகக் கேளுங்கள். பிறந்த இரண்டாம் வாரத்திலும் ஆறாம் வாரத்திலும் மனநல மருத்துவரை மறுபடி பார்ப்பதற்கான தேதிகளைப் பிரசவத்துக்கு முன்பே வாங்கி வைத்துக்கொண்டு, அவற்றை உங்கள் கணவரின் போனிலும் அண்ணியின் போனிலும் குறித்து வைக்கச் சொல்லுங்கள்.